தீவின் எப்பகுதியிலும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எந்த ஊரில் மேய்ப்பது என்பதுபற்றி அப்பழமொழி ஒன்றும் பேசுவதில்லை. அதனைப் படைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை போலும். அரசாங்க உத்தியோகம் கிடைத்ததென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது என்றே அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். கொழும்புக்கும் கண்டிக்கும் மாத்திரமன்றி, மலாயாவுக்குக் கப்பலேறவும் பலர் தயங்கவில்லை.

இன்றைய சட்டப் பட்டதாரிக்கு அக்கேள்வி எழுகின்றது, எழுவதும் நியாயமே. வர்த்தமானியைப் புரட்டும் வழக்கமுள்ள நேயர்கள், அரச ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் ஒரு வாசகத்தை அடிக்கடி கண்டிருப்பார்கள். விண்ணப்பதாரி தீவின் எப்பகுதியிலும் சேவையாற்ற ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கல்வித் தகைமை, வயது, சம்பளத் திட்டம் ஆகியவற்றை மும்முறை வாசிக்கும் இளம் சட்டத்தரணி, இந்த ஒரு வரியை ஒரே மூச்சிற் கடந்துவிடுகிறார். வீட்டில் தாயார்தான் அந்த வரியில் நிற்கிறார். “எப்பகுதியிலும் என்றால் எந்தப் பகுதி, பிள்ளை?” என்று அவர் கேட்கும்போது சொல்வதற்கு விடை இருப்பதில்லை. ‘முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் பதிலை விடை என்று கொள்ள முடியாது.

சட்டம் படித்தவருக்கு அரசு தரும் உத்தியோகங்கள் எல்லாம் ஒரே அளவில் ஊர் மாற்றுபவை அல்ல. சட்டங்களை வரையும் சட்டவரைஞர் திணைக்களம் கொழும்பில் உள்ளது. அதிற் சேர்பவர் இருப்பிடத்தை ஒருமுறை மாற்றினாற் போதும். ஆனால் அந்த ஒரு மாற்றம் ஓய்வுபெறும்வரை நீடிக்கும். நல்ல தமிழ் எழுதத் தெரிந்த சட்டத்தரணிகள் அத்திணைக்களத்தை நினைத்தும் பார்ப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. சட்டங்களின் தமிழ் வாசகத்தைப் படித்துத் திகைத்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். சட்டமா அதிபர் திணைக்களத்தின் தலைமையகமும் கொழும்பிலேயே இருக்கின்றது. எனினும் அரச சட்டத்தரணியானவர் மேல் நீதிமன்றங்கள் கூடும் வெளியூர்களுக்கும் சென்று வழக்கை நடத்த வேண்டியவர். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பல மாவட்டங்களில் நிலையங்கள் உண்டு.

இவை எல்லாவற்றிலும் மிகுதியாக ஊர் மாறுவது நீதிச்சேவையே. நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பதும் இடம் மாற்றுவதும், பிரதம நீதியரசரைத் தலைவராகக் கொண்ட நீதிச்சேவை ஆணைக்குழுவின் அதிகாரம். இன்று பருத்தித்துறையில் இருப்பவர் சில ஆண்டுகளிற் புத்தளத்திலோ பதுளையிலோ இருக்கலாம். இதனைத் தண்டனை என்று கருதுவோர் உளர். அது தவறு. நீதிபதி தம் சொந்த ஊரிலேயே நெடுங்காலம் இருந்தால், வழக்காளி தாய்மாமனுக்கு உறவாக வருவான். எதிராளி பள்ளித்தோழனாக இருப்பான். இருவரும் கோயில் திருவிழாவில் உபயகாரராக அவர் பக்கத்திலே நிற்பார்கள். எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் தோற்றவன் நம்பப் போவதில்லை. ஊருக்கு அந்நியராயிருப்பது நீதிபதிக்குச் சிரமந்தான். வழக்காடுவோருக்கு அதுவே பாதுகாப்பு.

ஆனால் ஊருக்கு அந்நியராதல் வேறு, மொழிக்கு அந்நியராதல் வேறு. விண்ணப்பம் நிரப்புவோர் பெரும்பாலும் கணக்குத் தவறுவது இங்கேதான். அவர்கள் தொலைவை மைலால் அளக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு அதிற் பாதித் தூரமும் இல்லை. ஆயினும் நீதிமன்றத்துள் அமர்பவருக்கு இரண்டாவது பயணமே நெடும்பயணம். வவுனியாவில் வழக்கேடு தமிழில்; அநுராதபுரத்திற் சிங்களத்தில்.

இந்நிலை படிப்படியாக வந்தது. 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றங்களுக்குக் கொண்டுவர வழிசெய்தது. 1988 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாந் திருத்தம், சிங்களமும் தமிழும் நாடு முழுவதற்கும் நீதிமன்ற மொழிகள் என்று கூறி, தமிழ் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளின் நீதிமன்றங்களிலே தமிழையும், ஏனையவற்றிற் சிங்களத்தையும் வழங்கச் செய்தது. நீதிமன்றத்தின் மொழி விளங்காதவர், அவர் கட்சிக்காரராயினும் சட்டத்தரணியாயினும் நீதிபதியாயினும், அரசின் செலவில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையும் அதிலே உண்டு.

உரிமை இருக்கின்றது, அதுபற்றி ஐயமில்லை. ஆயினும் உரைபெயர்ப்பாளர் வாயிலாகச் சாட்சி கேட்பதற்கும் நேரே கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலிற் பழகியவர் அறிவர். ‘அடிக்க வந்தான்’ என்று சாட்சி சொன்னது ‘அடித்தான்’ என்று பதிவாகிவிட்டால், அந்தச் சிறு வேறுபாடு ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பப் போதுமானது. சாட்சி தயங்கிய இடமும், சொல்ல வந்ததை விழுங்கிய இடமும் பெயர்ப்பில் வருவதில்லை. லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1904 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டியிலும் கடமையாற்றி, 1908 ஆம் ஆண்டிலிருந்து 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அவர் தமிழும் கற்றார், சிங்களமும் கற்றார். 1913 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நாவலில், நீதிமன்றத்தில் நடப்பது இன்னதென்று விளங்காமற் கூண்டில் நிற்கும் கிராமத்தானை அவர் காட்டுகிறார். நீதவான் ஆசனத்தில் இருந்து பார்த்தவரே அதனை எழுதினார் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அந்தக் கிராமத்தான் இன்று நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருபவராக இருக்கலாம். அவர் பேசுவது தமிழ். ஏடு எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களம். இரு மொழியும் அறிந்த நீதவான் ஒருவர் அங்கே இருந்தால் அவருக்கு அது எத்துணை ஆறுதல்! வடக்கிலும் கிழக்கிலுமே இருப்பேன் என்று உறுதிபூண்ட இளைஞர், தம் மக்களுக்குச் சேவை செய்வதாகவே எண்ணுகிறார். அவ்வெண்ணத்தைக் குறைகூற முடியாது. ஆனால் தமிழ் பேசும் வழக்காளிகள் வடக்கிலும் கிழக்கிலும் மாத்திரம் இல்லை.

ஆகையால் எவ்வளவு தூரம் போகலாம் என்று தீர்மானிக்குமுன் எவ்வளவு சிங்களம் தெரியும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2007 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. அலுவலக மேசைக்கு ஐந்தாண்டு தவணை பொருந்தலாம். சாட்சி கேட்பவருக்கு முதல் நாளே மொழி வேண்டும். சட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் காலத்திலேயே அதனைத் தொடங்குவதுதான் அறிவுடைமை. முல்லைத்தீவுக்கு வரக்கூடிய சிங்கள இளைஞருக்கும் தமிழைக் குறித்து இதுவே பொருந்தும். சட்டமுங்கூட ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிற் தொகுப்பித்த தேசவழமையிற் கரைகண்டவர், குருநாகலுக்குப் போனாற் கண்டியச் சட்டத்தின் முன் மாணவராக அமர வேண்டியிருக்கும்.

இனி வீட்டுக் கணக்கு. பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்தைக் கண்டவர்கள் அவர்கள். 1990 ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த தாய்மார் எத்தனை பேர். மகளாக இருந்தால் அச்சம் இரட்டிக்கின்றது. மொனறாகலையில் மகள் தனியே எப்படி இருப்பாள் என்று கேட்பவர்கள், மகன் தனியே எப்படிச் சமைத்து உண்பான் என்று கேட்பதில்லை. சட்டக் கல்வியிற் பெண்கள் இத்தனை பேர் சேர்ந்திருக்கும் காலத்தில், அந்த ஒரு கேள்விக்காக நல்ல நீதிபதிகளை இழப்பது நாட்டுக்குக் கட்டாது.

திருமணமானபின் கணக்கு இன்னுஞ் சிக்கலாகும். மனைவி மாகாணப் பாடசாலை ஆசிரியையானால், ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு இரு மாகாணங்களும் இணங்க வேண்டும். கணவருக்குக் கட்டளை ஒரே நாளில் வந்துவிடும். மனைவிக்கு வருவதற்கு ஆண்டுகள் செல்லலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை, சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு முதலாந் தர அனுமதியில் ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அது உதவும், ஆனால் தமிழ்மொழி மூலப் பாடசாலை இல்லாத ஊரில் அவ்வொதுக்கீடு எதற்கு உதவும்? தூர இடங்களுக்குப் போவதாயின் பிள்ளைகள் பாடசாலை வயதை அடையுமுன் போய்விடுவதே நன்று. உத்தியோகத்தின் முதற் பத்தாண்டை அகலமாக வைத்துக்கொண்டு, பின்னர் கிட்டிய இடத்தைக் கேட்பவருக்கு, கேட்கும் நியாயமும் இருக்கும்.

செய்யத் தகாதது ஒன்று உண்டு. தீவின் எப்பகுதியிலும் என்று கையொப்பமிட்டு, நியமனம் கைக்கு வந்த மறுவாரமே தெரிந்தவரையும் பெரியவரையும் பிடித்து, வீட்டுக்குக் கிட்ட மாற்றம் தேடுவது. நம் நாட்டில் இது திறமையாகவே மதிக்கப்படுகின்றது. ஒருவர் தப்பிக்கொண்ட இடத்துக்கு இன்னொருவர் போக வேண்டும். போக எவரும் இல்லையெனின் ஆசனம் வெறுமையாகும், வழக்குத் தவணை போடப்படும். கொக்கிளாயிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு வந்த விதவை, இன்னொரு திகதியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார். அவருடைய ஒரு நாட் கூலியும் பஸ் காசும் எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

வயோதிபப் பெற்றோரையோ நோயாளியையோ விட்டுப் போக இயலாதவர் உண்டு. ஊரை விட்டாற் சோர்ந்துபோகும் இயல்பினரும் உண்டு. அவர்களுக்கு அந்த வரியிற் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மல்லாகத்திலோ சாவகச்சேரியிலோ கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு தனித்தொழில் நடத்தலாம். அங்கும் வேலிச்சண்டைக்குக் குறைவில்லை.