நன்கொடையும் விளம்பரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசவல்ல பெரியோர் பலர் இவ்வவையில் இருக்க, கணக்குப் புத்தகத்தோடு காலங்கழிக்கும் என்னையும் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். யான் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டவன்; பகல் முழுதும் ரயில்வே அலுவலகத்தில் பில்லும் வவுச்சரும் பார்ப்பவன். ஆதலின் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளைப் பற்றியே பேசுகிறேன். நம் விழாவுக்கும் மலருக்கும் பொருளுதவி செய்யும் சிறு வணிகர்களுக்கு, அவ்வுதவியின் பொருட்டு வருமான வரிச் சட்டம் என்ன சலுகை தருகிறது, எப்போது தராது என்பதே அப்பொருள். சுவையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். இதில் ஒரு மனிதரின் மானம் அடங்கியிருக்கிறது.

யான் கரக்பூருக்கு மாற்றலாகி வருமுன் வேறோர் ஊரில் பணிபுரிந்தேன். அங்கும் தமிழர் கூடி ஒரு சிறு சங்கம் நடத்தினோம். அங்கும் பொருளாளன் யானே. 2019ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் 15,000 ரூபாயைப் பணமாகவே எண்ணிக் கொடுத்தார். “தம்பி, இதற்கு வரியில் ஏதாவது குறையுமா?” என்று கேட்டார். சங்கத்தின் கடிதத்தாளில் பதிவு எண் அச்சிட்டிருந்தது. அஃது ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, “தாராளமாகக் குறையும், அண்ணாச்சி” என்று சொல்லி, ‘நன்கொடை’ என்று ரசீது எழுதிக் கொடுத்தேன். மலரின் பின்னட்டையில் அவர் கடையின் விளம்பரமும் வெளிவந்தது.

சில காலம் சென்று அண்ணாச்சி ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் கழித்துக் காட்டிய தொகையை வரித்துறை ஏற்கவில்லை. நம் சங்கத்திற்கு வேண்டிய ஒப்புதல் இல்லை என்பது ஒரு காரணம். பணமாகக் கொடுத்தது மற்றொரு காரணம். குறைந்த வரியை வட்டியோடு கட்ட நேர்ந்தது. தொகை பெரிதன்று, ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். ஆனால் அவர் சொன்ன சொல் பெரிது. “பணம் போனால் போகட்டும், தம்பி. நான் பொய்க்கணக்குக் காட்டியவன் என்றல்லவா ஆகிவிட்டது?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அறியாமல் பொய் சொன்னவன் யான். அன்று முதல் இவ்விஷயத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அன்பர்களே, ஒரே வண்டியில் போனாலும் பயணிக்கு ஒரு சீட்டு, பார்சலுக்கு வேறொரு சீட்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொண்டுபோக முடியாது. வணிகர் நமக்குத் தரும் பணமும் அவ்வாறே இருவகைப்படும். கைம்மாறு கருதாது கொடுப்பது நன்கொடை. கடையின் பெயரும் சரக்கும் பலர் கண்ணிற் படவேண்டும் என்று கொடுப்பது விளம்பரச் செலவு. இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை திரும்பப் பெறும் நோக்கமுடையவை என்று திருவள்ளுவர் வகுத்த வேற்றுமை நாம் அறிந்ததே. வரிச் சட்டமும் ஏறத்தாழ அக்கோட்டிலேயே நிற்கிறது. ஆனால் இரண்டையும் அது பழிப்பதில்லை. இரண்டிற்கும் தனித்தனி வாயில் வைத்திருக்கிறது.

முதலில் நன்கொடையைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கு உரியது 80ஜி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 133ஆம் பிரிவாயிற்று. எண் மாறினாலும் மக்கள் வாயில் 80ஜி என்றே வழங்குகிறது. யானும் அவ்வாறே கூறுகிறேன். பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற சிலவற்றிற்கு அளிக்கும் தொகை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒப்புதல் பெற்ற பொது அறநிலையங்களுக்கு அளித்தால் பாதித் தொகையே கழியும். அதுவும் கணக்கிட்ட மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்னும் எல்லைக்குள் அமைய வேண்டும்.

இங்கே பலரும் தடுமாறுவது ஒன்றுண்டு. சங்கம், சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருப்பது வேறு. வருமான வரித்துறையின் 80ஜி ஒப்புதல் பெற்றிருப்பது வேறு. முன்னது பிளாட்பாரச் சீட்டைப் போன்றது. நிலையத்துக்குள் நுழையலாம், வண்டியில் ஏற முடியாது. அண்ணாச்சிக்கு யான் கொடுத்தது அந்தப் பிளாட்பாரச் சீட்டுத்தான்.

ஒப்புதல் இருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 2017ஆம் ஆண்டு இவ்வரம்பு 10,000 ரூபாயிலிருந்து குறைக்கப்பட்டது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். பொருளாகக் கொடுப்பதற்குச் சலுகை இல்லை. விழா விருந்துக்கு அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் அனுப்பும் கடைக்காரர்களுக்குப் புண்ணியம் உண்டு, எங்கள் நன்றியும் உண்டு. 80ஜி மட்டும் இல்லை. மேலும், 2021–22 நிதியாண்டு முதல், நன்கொடை பெற்ற நிறுவனம் கொடுத்தவர் பெயர், பான் எண், தொகை ஆகியவற்றை வரித்துறைக்கு அறிக்கையாக அனுப்பி, அதன்வழி வரும் சான்றிதழைக் கொடுத்தவர்க்கு அளிக்க வேண்டும். கையால் எழுதிய ரசீது மட்டும் போதிய காலம் கடந்துவிட்டது.

இனி விளம்பரம். வியாபாரத்தின் பொருட்டே முழுவதும் செய்யப்பட்டதாய், சொந்தச் செலவாகவோ முதலீடாகவோ அமையாததாய் உள்ள செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம் என்பது பொது விதி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 37ஆம் பிரிவில் இருந்தது. மலரில் ஒரு பக்கம் விளம்பரம் கொடுத்தாலும், விளையாட்டுப் போட்டிக்குப் புரவலராக நின்று திடலில் கடையின் பெயர்ப்பலகை வைத்தாலும், அது கடைக்குச் செய்த விளம்பரமே. பாதி என்ற பேச்சில்லை. முழுத் தொகையும் கழியும். சங்கத்திற்கு 80ஜி ஒப்புதல் இருக்கிறதா என்ற கேள்வியும் இங்கே எழாது.

ஆனால் விளம்பரம் விளம்பரமாகவே இருத்தல் வேண்டும். கடையின் பெயர், சரக்கு, முகவரி இருக்க வேண்டும். மகளின் திருமணப் படத்தைப் போட்டு ‘வாழ்த்துகள்’ என்று அச்சிட்டால், அது வியாபாரத்துக்கு எவ்வாறு உதவிற்று என்று அதிகாரி கேட்கும்போது விடை சொல்வது கடினம். அன்றியும் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிவில் ஏறாது. அரசியல் கட்சிகள் வெளியிடும் மலர்களில் செய்யும் விளம்பரத்தை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தனி விதியால் விலக்கிவைத்தது. நம் சங்கம் கட்சி சாராதது. அவ்விலக்கு நம்மைத் தொடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வரி முறையில் 20 விழுக்காட்டு அடுக்கில் உள்ள ஒரு வணிகர் 10,000 ரூபாயை ஒப்புதல் பெற்ற நிறுவனத்திற்கு நன்கொடையாகக் கொடுத்தால், 5,000 ரூபாய் கழியும். 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து வரியில் 1,040 ரூபாய் மிஞ்சும். அதே தொகை உண்மையான விளம்பரமாயின், 10,000 ரூபாயும் கழிந்து 2,080 ரூபாய் மிஞ்சும். அண்ணாச்சி முறையாகக் கணக்கு எழுதுபவர். அவர் கடை விளம்பரம் மலரில் வந்தேயிருந்தது. அதற்குரிய தொகையைக் காசோலையாகப் பெற்று, ‘விளம்பரக் கட்டணம்’ என்று பில் கொடுத்திருந்தேனாயின், நேர்மையான வழியிலேயே அவருக்குக் கூடுதல் சலுகை கிடைத்திருக்கும். என் ஒரு சொல் அதைக் கெடுத்தது.

நிற்க. இச்சலுகைகள் எல்லா வணிகருக்கும் ஒரே விதமாகப் பயன்படா. 2023–24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே பொது முறையாகிவிட்டது. அதில் இருப்போர்க்கு 80ஜி சலுகை இல்லை; விளம்பரம் போன்ற வியாபாரச் செலவு மட்டும் வழக்கம்போல் கழியும். இப்புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள தனி மனிதருக்குத் தள்ளுபடியினால் பொதுவாக வரியே வாராது. வரியே இல்லாதவர் சலுகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சிறு கடைக்காரர் பலர் அனுமான வரி முறையில் இருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், அதில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, லாபமாகக் காட்டிவிடுவார்கள். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் இவ்வரம்பு 3 கோடி. இம்முறையில் எல்லாச் செலவும் கழிந்துவிட்டதாகவே கொள்ளப்படும். எனவே விளம்பரத்துக்கு வேறாகக் கழிவு கிடையாது. ஆனால் அவரே பழைய வரி முறையைத் தேர்ந்தவராயின் 80ஜி நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். இவ்வாறு ஒருவருக்கு மூடிய கதவு மற்றவருக்குத் திறந்திருக்கிறது. தாம் எம்முறையில் இருக்கிறோம் என்பதைத் தம் கணக்கரிடம் கேட்டுக்கொண்டு கொடுப்பதே நலம்.

சரக்கு சேவை வரியைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்க் கோயில்களில் விளக்கின்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதும் வழக்கம் உண்டல்லவா? அவ்வாறு கொடுத்தவர் பெயரை நன்றியின்பொருட்டு எழுதுவதால் மட்டும் அது விளம்பரமாகிவிடாது, அதற்கு இவ்வரி இல்லை என்று 2019 அக்டோபர் 11ஆம் நாள் வந்த சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. கடையின் வியாபாரத்தைப் பரப்பும் வகையில் எழுதினால் அது சேவையாகிவிடும். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை நம் மாநிலத்தில் பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் கம்பெனியோ கூட்டு நிறுவனமோ புரவலராக நின்றால், வரி கட்டும் கடமை பல வேளைகளில் அவர்கள்மீதே விழும். அதை முன்னரே சொல்லிவிடுவது நம் கடன்.

இனி நம் சங்கம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நன்கொடைக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என இரண்டு ரசீதுப் புத்தகங்கள் வேண்டும். விளம்பர பில்லில் பக்க அளவும் கட்டணமும் எழுதி, மலரின் படி ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒப்புதல் கையில் இல்லாமல் ‘80ஜி’ என்னும் சொல்லை எந்தத் தாளிலும் அச்சிடலாகாது. பெருந்தொகைக்கு ரசீது கொடுத்துவிட்டு ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டென்று கேள்விப்படுகிறோம். அது குற்றம், அதைக் கேட்டு வருபவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் நாம் கைகூப்பி அனுப்பிவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, “வரி குறையுமா?” என்று ஒருவர் கேட்டால், தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் துணிவு பொருளாளனுக்கு வேண்டும்.

பெங்கால் நாகபுரி ரயில்வே நாளில் பிழைப்புத் தேடி இங்கு வந்த நம் முன்னோர், தம் சம்பளத்தில் ஓரணா ஈரணா கொடுத்துச் சங்கங்கள் வளர்த்தவர்கள். அவர்கள் வரிச்சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. இன்று கொடுப்போரும் அதற்காகவே கொடுக்கிறார்கள் என்று யான் கருதவில்லை. தமிழ் வகுப்பில் நம் குழந்தைகள் அகரம் எழுதுவதைப் பார்த்தே கொடுக்கிறார்கள். அவ்வாறு மனமுவந்து கொடுப்பவரை நம் பிழையால் ஓர் அதிகாரியின்முன் தலைகுனிய விடலாமா?

அண்ணாச்சிக்குக் கட்ட நேர்ந்த தொகையை என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். “அடுத்தவனுக்குச் சரியாகச் சொல்லு, தம்பி; அது போதும்” என்றார். அந்தக் கடனைத்தான் இன்று இம்மேடையில் ஓரளவு தீர்த்துக்கொள்கிறேன்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!