புல்லைத் தேடி வந்தவர்



பெங்களூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கி, இருபுறமும் நெருக்கி நின்ற குன்றுகள் மெல்ல விலகி வழிவிட, சேலத்துச் சமவெளி கண்ணெதிரே விரிகின்ற அந்த இடத்தில், அவசரமில்லாத பிரயாணி எவரும் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊரை நெருங்க நெருங்க மலைகள் ஒவ்வொன்றாக முகம் காட்டும். வடக்கே சேர்வராயனும் அதன் காலடியில் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாலு திக்கிலும் மலை காவல் நிற்க, நடுவே செம்மண்ணும் கரட்டுப் பாறையும் பனையும் வேலமரமுமாகக் கிடக்கிறது இந்தப் பிரதேசம். சேலத்துக்கும் சேர்வராயனுக்கும் இடையே வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. சிவந்த மண்ணைக் கீறிக்கொண்டு வெண்ணிற மாக்னசைட் படிவங்கள் வெயிலில் மினுங்குவதை ரயிலிலிருந்தே பார்க்கலாம். வெள்ளைக்காரர்கள் அவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்றே பெயரிட்டு அழைத்தார்கள்.

சென்ற மாசி மாதத்தில் இந்த வழியே என்னோடு வந்த நண்பர், மலையையும் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை, புல்லைத் தேடினார். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வெலிங்டனிலும் உதகையிலும் வாரந்தவறாமல் கோல்ப் ஆடிப் பழகிய அவருக்கு, ஓய்வுக்குப் பிறகு ஒரு மனோரதம் பிறந்தது. கம்புகள் நிறைந்த நீண்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, போகுமிடமெல்லாம் ஓர் ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பதே அது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. சிறிய வெள்ளைப் பந்தொன்றைக் கம்பால் அடித்து, மேடும் பள்ளமுமான பரந்த நிலத்தைக் கடந்து, நாலேகால் அங்குல அகலமுள்ள குழியில் அதை விழச் செய்ய வேண்டும். அப்படி 18 குழிகள். குழியைச் சுற்றியுள்ள இடம் மட்டும் கம்பளம் போல வெட்டிச் சமன்செய்த புல்லாக இருக்கும். அதற்கு 'கிரீன்' என்று பெயர். எத்தனை தூரம் அடித்தாலும், ஆட்டக்காரன் மனம் கடைசியில் தங்குவது அந்தக் கிரீனில்தான். அது சரியில்லை என்றால் அவனுக்கு எல்லாமே சரியில்லை.

மலையடிவாரத்து விடுதி ஒன்றின் விளம்பரத்தாள் நண்பர் கையில் இருந்தது. அதன் பெயர் நமக்கு வேண்டாம். படத்தில் பசும்புல் அலையலையாய் ஓடி நீலமலையைத் தொட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்டது வேறு. நாலைந்து குழிகள் கொண்ட சிறு நிலம். கிரீன் என்ற இடத்தில் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை, ஓரமெல்லாம் வைக்கோல் நிறம். இடையிடையே மண் தெரியும் சொட்டைகள். தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்று குழாயை நீட்டிக் கொண்டிருந்தது. நண்பர் ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தார். அது புல்லில் மெதுவாகவும் சொட்டையில் வேகமாகவும் ஓடி, கோணிக்கொண்டு எங்கோ போய் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பந்தை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிடவும் மனத்தை உறுத்தியது அந்தத் தண்ணீர் லாரிதான்.

ஏனென்றால், நேயர்களே, தண்ணீரின் விலை தெரிந்த நாடு இது. மேற்கு எல்லையில் காவேரி ஓடுகிறது என்பது உண்மை. மேட்டூரில் 1934ஆம் வருஷம் கட்டி முடிக்கப்பட்ட அணையில் 120 அடி உயரத்துக்கு ஜலம் தேங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஜலத்தில் பெரும்பங்கு டெல்டாவின் நெல்லுக்குப் போகிறது. கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் இரண்டும் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் பாசனம் செய்வது 45,000 ஏக்கர்; அதற்கும் ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் என்று கணக்கு வைத்துத் திறப்பதே வழக்கம். கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தாருக்கு மழையும் கிணறும்தான் கதி. கிணறு வற்றிய பிறகு பூமியைத் துளைத்தார்கள். ஆயிரம் அடி தாண்டியும் துளைத்தார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் அந்த வித்தையில் எத்தனை தேர்ந்துவிட்டார்கள் என்றால், அவர்களுடைய ஆழ்துளை லாரிகள் இன்று ராஜஸ்தானத்திலும் ஒடிசாவிலும் நின்று பாறையைக் குடைகின்றன. தண்ணீரில்லாத ஊர்தான் தேசத்துக்கெல்லாம் தண்ணீர் தேடிக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், உஷ்ணப் பிரதேசத்தின் முழு கோல்ப் மைதானம் ஒன்றைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் ஜலம் வேண்டும் என்பதை நினைக்கும்போது, ஆட்டத்தின் மீதுள்ள பிரியத்தையும் மீறி நெஞ்சு கனக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்த இடத்தை யோசித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். ஸ்காட்லாந்தின் கடற்கரையில், அலைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணற்பாங்கான தரிசு ஒன்று நெடுகக் கிடந்தது. அங்கே ஆடு மேய்ந்தது. ஆடு கடித்ததால் புல் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் ஒண்டிய இடம் மணற்குழியாயிற்று என்பார்கள். யாரும் அந்த நிலத்தை அலங்கரிக்கவில்லை, யாரும் அதற்கு நீர் பாய்ச்சவில்லை. மழை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டது. மனிதர் பந்தை எடுத்துக்கொண்டு போய், கிடந்த நிலத்தில் கிடந்தபடியே ஆடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1764ஆம் வருஷத்தில் தங்கள் நிலத்தின் அமைப்புக்கு ஏற்ப 22 குழிகளை 18 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் அந்தப் பதினெட்டையே பின்பற்றியது. எண்ணிக்கையைப் பின்பற்றியவர்கள், ஆட்டம் நிலத்துக்கு அடங்கி நடந்தது என்பதைப் பின்பற்றவில்லையே என்பதுதான் என் குறை. குளிர்தேசத்துப் பசுமையைச் செம்மண் கரட்டில் கொண்டு வந்து வைத்து, அது வாடும்போது வந்தவர் மனம் வாடுகிறது. நிலம் வறண்டிருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. வறண்ட நிலத்தைப் பசும் நிலம் என்று சொல்லி அழைப்பதால்தான் ஏமாறுகிறார்கள்.

அன்று மாலை சேலத்து விடுதியின் மாடியில் உட்கார்ந்து இதை நான் சொன்னபோது, நண்பர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். கஞ்சமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக் கொண்டிருந்தது. அந்த மலையின் இரும்புத்தாதுவை நம்பித்தான் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார் என்றும், இன்று உருக்காலை அதே மலையின் அடிவாரத்தில் நிற்கிறது என்றும் நான் பேச்சை மாற்றினேன். அவர் தம் பையிலிருந்த இரும்புக் கம்பு ஒன்றை உருவிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "நான் இந்த ஆட்டம் படித்ததே புல்லில் இல்லை, தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

தகப்பனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவராம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கம் தோண்டிய ஊர் அது. வடாற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போய்ப் பூமிக்கடியில் உழைத்த ஊர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் தமிழ் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஊர். அங்கே துரைமார் ஆடிய திடலில், கிரீனுக்குப் பதிலாக 'பிரவுன்' இருந்தது என்றார் நண்பர். மணலைச் சலித்து, பழைய எண்ணெயைக் கலந்து, வட்டமாகப் பரப்பி அழுத்திய தரை அது. எண்ணெய் சேர்ந்ததால் காற்றில் பறக்காது. ஒருவர் ஆடிய தடம் விழுந்ததும், பையன் ஒருவன் பலகை கட்டிய கோலால் குழி வரைக்கும் இழுத்துத் தடத்தை அழித்துவிடுவான், அடுத்தவருக்குப் புதுத்தரை. "பந்து அதில் ஓடுகிற நேர்மை இருக்கிறதே," என்று சொல்லி நண்பர் நிறுத்திக்கொண்டார்.

தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களில் இத்தகைய பிரவுன்கள் ஒரு காலத்தில் சாதாரணம். அமெரிக்காவின் சமவெளி மாகாணங்களிலும் அப்படியே. வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் இரண்டாம் எண் மைதானம் உலகம் கொண்டாடுவது. டொனால்ட் ராஸ் என்ற சிற்பி 1907இல் அமைத்த அந்த மைதானத்திலேயே 1935 வரையில் மணல் தரைதான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், ஓபல் கல் தோண்டுகிற கூபர் பீடி என்ற ஊர்க்காரர்கள், புல் முளைக்காத தங்கள் கல்தரையில் ஆடும்போது, கையகலப் புல்துண்டு ஒன்றைக் கூடவே எடுத்துச் சென்று, பந்தை அதன்மேல் வைத்து அடிக்கிறார்கள். அங்கே போகிற பிரயாணிகள் ஏமாறித் திரும்புவதில்லை. அந்தத் துண்டுப் புல்லைப் பற்றியே ஊரெல்லாம் பேசுகிறார்கள். தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டாத ஊர் அது.

மறுநாள் நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மல்லூர் தாண்டியதும் இடப்புறம் போதமலை. ஆண்டகளூர்க்கேட்டில் ராசிபுரத்துக்குப் பிரியும் சாலை. அப்பால் கிழக்கே நீலச்சுவர் போலக் கொல்லிமலை. மரவள்ளி அறுவடைக் காலமாதலால் வழியெல்லாம் கிழங்கு ஏற்றிய லாரிகள். ஜவ்வரிசி ஆலைகளின் அகன்ற காரைத் தளங்களில் மாவும் மணியும் வெண்மையாய்க் காய்ந்தன. தலையில் துணி சுற்றிய பெண்கள் மரப்பலகை பூட்டிய நீண்ட கோலால் அதை இழுத்து இழுத்துப் பரப்பினார்கள். நண்பர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கி, வேலிக்கு வெளியே நின்று, அந்தக் கோல்கள் முன்னும் பின்னும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவயல் பையனைத்தான் நினைத்திருப்பார்.

நாமக்கல் ஒரே பாறையாக எழுந்து நிற்கும் ஊர். உச்சியில் கோட்டை, பாறையின் இருபுறமும் அதியர் குலத்தார் குடைந்த நரசிம்மரும் ரங்கநாதரும், நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி, தலைக்கு மேலே விமானமில்லாமல், வெயிலையும் மழையையும் தாமே ஏற்று நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். முட்டைக்கும் லாரிக்கூண்டுக்கும் பேர்போன ஊர் என்று பிறர் சொல்வார்கள், அதுவும் பெருமைதான். எனக்கோ அந்தப் பாறையின் அடியில் நிற்கும்போது, இந்த நாடு தன்னை மறைத்துக்கொள்ளவே இல்லை என்று தோன்றும். எலும்பு வெளியே தெரிய நிற்கும் பூமி இது.

சாமி கும்பிட்டுவிட்டு ஊருக்கு வெளியே கொல்லிமலைச் சாலையில் போகும்போது, தோட்டத்து வீடொன்றின் முன்னால் சாணி மெழுகிய களம் ஒன்று கிடந்தது. சோளம் அடித்து முடித்து, கூட்டிப் பெருக்கி, மறுபடி மெழுகி, காய்ந்து, பழுப்பும் பச்சையுமாய் ஒரு நிறத்தில், கண்ணாடி போல இருந்தது. ஓரத்தில் பறித்த நிலக்கடலை குவியலாய்க் கிடந்தது. வாசலில் உட்கார்ந்து காய் உதிர்த்துக் கொண்டிருந்த அம்மாளிடம் நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மா, இந்தக் களத்தில் ஒரு பந்து உருட்டிப் பார்க்கட்டுமா?"

அம்மாள் அவரையும் அவர் கையிலிருந்த கம்பையும் மேலும் கீழும் பார்த்தாள். "உருட்டுங்க சாமி. செருப்பை மட்டும் கழட்டீட்டுப் போங்க. வெயில் ஏறுமுன்ன கடலையக் கொட்டோணும், செத்த நேரந்தானுங்க."

நண்பர் செருப்பைக் கழற்றினார். பேரப்பையன் உள்ளே ஓடிப் போய் ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்து வந்து, களத்தின் அந்தக் கோடியில் வாய் இந்தப் பக்கம் பார்க்கச் சாய்த்து வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நண்பர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். கொல்லிமலையை ஒரு தடவை நிமிர்ந்து நோக்கிவிட்டு, மெதுவாகத் தட்டினார். இருபதடி தூரம், இம்மியும் கோணாமல், சத்தமில்லாமல் ஓடிய பந்து சொம்புக்குள் போய் 'டிங்' என்று ஒலித்தது.

"இன்னொருக்கா, தாத்தா!" என்று பையன் கத்தினான்.

மூன்று தடவை ஆடினார். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கூடையைப் பிடித்துக் கடலையைக் களத்தில் கொட்டினார். பையன் பலகையை இழுத்துவந்து அதைப் பரப்பத் தொடங்கினான்.