பாலர் பள்ளிகளில் தொற்று நோய்த் தடுப்பு: புனே நகரின் அனுபவம்

1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரில் பிளேக் நோய் பரவிற்று. நகரின் புறத்தே ஹடப்சரை அடுத்த ஓரிடத்தில் யஷ்வந்த்ராவ் புலே என்னும் மருத்துவர் நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தி வந்தார். அவருடைய வளர்ப்புத் தாயாரான சாவித்திரிபாய் புலே, முண்ட்வா கிராமத்தில் நோய் கண்டிருந்த சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்து அந்நிலையத்தில் சேர்த்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10-ஆம் நாள் அவர் காலமானார். 1848-இல் அதே நகரின் பிடே வாடாவில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளியின் ஆசிரியை அவர்.

அதே ஆண்டில் அரசு மேற்கொண்ட முறையோ முற்றிலும் வேறானது. பிளேக் குழுவின் தலைவரான ராண்ட் என்னும் அதிகாரி படையினரைக் கொண்டு வீடு வீடாகச் சோதனையிட்டார். நோயாளிகள் வலுக்கட்டாயமாகப் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டனர். மக்கள் அஞ்சி நோயாளிகளை ஒளித்து வைத்தனர். மக்களிடையே வெறுப்பு வளர்ந்தது. ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டதும், சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் வரலாற்று நூல்களில் விரிவாகவே உள்ளன. பாலர் பள்ளிகளில் தொற்று நோய்த் தடுப்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய செய்தியை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற குழந்தையை எவ்வாறு நடத்துவது என்ற கேள்விக்கு இன்றளவும் இவ்விரண்டு விடைகளே உள்ளன.

இன்று ஹடப்சரின் பெயர் வேறொரு காரணத்தால் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. 1966-இல் அங்கு நிறுவப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் தட்டம்மைத் தடுப்பு மருந்து உலகின் பல நாடுகளுக்குச் செல்கிறது. 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1978-இல் தேசிய வைராலஜி நிலையம் எனப் பெயர் பெற்ற ஆய்வு நிறுவனமும் புனேயில்தான் இருக்கிறது. மருந்தும் உண்டு, ஆய்வும் உண்டு. ஆயினும் 2022-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மும்பையின் கோவண்டிப் பகுதியிலும், பின்னர் மாலேகான், பிவண்டி முதலிய ஊர்களிலும் தட்டம்மை பரவிக் குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் நோய் கண்டறியப்பட்டது. கொரோனா ஆண்டுகளில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைப்பட்டதே இதற்கு முக்கியக் காரணமாகும்.

தமிழகத்தில் மணல்வாரி என்றும் மராத்தியில் கோவர் என்றும் வழங்கும் இந்நோயைப் போல் எளிதில் தொற்றக்கூடியது வேறொன்று இருப்பது அரிது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தரக்கூடும். இருமும் குழந்தை அறையைவிட்டு அகன்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் தங்கியிருக்கிறது. மேலும், உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே நோய் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அந்நாட்களில் காணப்படுவது காய்ச்சலும், சளியும், சிவந்த கண்களும் மட்டுமே. எனவே, தடிப்பைக் கண்ட பின் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் பள்ளி தன் கடமையைச் செய்ததேயன்றி, பரவலைத் தடுத்துவிட்டதாகக் கருத முடியாது. இந்நோயைப் பொறுத்தவரை சோப்பும் துடைப்பமும் பெரிதாக உதவுவதில்லை. தடுப்பூசிப் பதிவேடே கைகொடுக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஓர் அங்கன்வாடியில் 25 குழந்தைகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு ஒன்பதாம் மாதத்தில் முதல் தவணை மட்டும் போடப்பட்டுள்ளது. அவ்வயதில் போடப்படும் தவணை ஏறத்தாழ நூற்றுக்கு 85 குழந்தைகளுக்கே முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆக, 20 பேரில் 17 பேர் பாதுகாப்புப் பெற்றவர்கள், மூவர் பெறாதவர்கள். ஊசியே போடாத ஐவரையும் சேர்த்தால் எட்டுக் குழந்தைகள் நோய்க்கு இலக்காக இருக்கிறார்கள். பதிவேடோ 'நூற்றுக்கு 80' என்று காட்டும். அதைப் பார்க்கும் அலுவலரும் நிறைவடைவார். பரவலைத் தடுக்க இரண்டு தவணைகளிலும் 95 விழுக்காடு தேவை. 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய இரண்டாம் தவணையே பெரும்பாலும் விட்டுப்போகிறது. குழந்தை நடக்கத் தொடங்கி, தாய் மீண்டும் வேலைக்குச் செல்லும் காலம் அது.

விட்டுப்போகும் குழந்தைகள் யார் என்பதைப் புனே மாவட்டத்தில் எளிதாகக் காணலாம். நகரில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களின் நிழலில் தகரக் கொட்டகைகளில் வாழும் தொழிலாளர்களின் குழந்தைகள் ஒரு சாரார். பீட் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் வெட்டுவேலைக்கு வருவோரின் குழந்தைகள் மற்றொரு சாரார். முதல் தவணை ஓரூரில்; இரண்டாம் தவணைக்கு உரிய நாளில் குடும்பம் வேறோரூரில். அட்டையோ வழியில் தொலைந்துவிடுகிறது. அட்டை இல்லை என்பதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்புவதைவிட, ஐயமிருந்தால் ஊசியை மீண்டும் போடுவதே சரியானது, அதனால் கேடில்லை. 1969-இல் மீரா மகாதேவன் தில்லியில் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகங்கள் பின்னர் மும்பைக்கும் புனேக்கும் பரவின. கட்டடம் எழும் இடத்துக்கே காப்பகம் செல்லுதல் வேண்டும் என்னும் அவ்வியக்கத்தின் அடிப்படைக் கருத்து, தடுப்பூசிக்கும் அப்படியே பொருந்தும்.

காற்றின் வழிப் பரவாமல், கையின் வழியும் மலத்தின் வழியும் பரவும் நோய்களின் நிலை வேறு. 2022-இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பாகப் பேசப்பட்டது, காக்சாக்கி வகை வைரஸ்களால் உண்டாகும் கை-கால்-வாய் நோயே எனப் பின்னர் தெளிவாயிற்று. அது பெரும்பாலும் தானே குணமாகிவிடும். ஆனால் கொப்புளம் ஆறிய பின்னும் பல வாரங்கள் குழந்தையின் மலத்தில் வைரஸ் வெளியேறுகிறது. கொழுப்புறை இல்லாத இவ்வைரஸ்களைச் சாராயம் கலந்த கைத்திரவம் நன்கு அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும், தரைக்கும் பொம்மைகளுக்கும் குளோரின் கலந்த நீருமே பயன்தரும். கொரோனாவுக்குப் பின் வாயிலில் கைத்திரவப் புட்டியை வைத்துவிட்டு, கை கழுவும் தொட்டியில் நீர் வருகிறதா என்று பாராத பாலர் பள்ளிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அங்கன்வாடியில் நேரம் செலவிட்டவர்களுக்குத் தெரிந்த சில வழக்கங்கள் உண்டு. எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்து, அதே சிலேட்டை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பது. பானைக்குள் கையோடு குவளையை அமிழ்த்தி நீர் மொள்வது. ஒரே துண்டினால் எல்லார் முகத்தையும் துடைப்பது. ஈரத் துணித்துண்டு, நீண்ட பிடியுள்ள அகப்பை, ஆளுக்கொரு துண்டு என மாற்றிக்கொள்ள ஆகும் செலவு மிகச் சொற்பம். இவற்றுக்கென நிதி ஒதுக்கீட்டு ஆணையை எதிர்பார்த்துக் காத்திருப்பது வருந்தத்தக்கது.

இனி, கடினமான பகுதி. நோயுற்ற குழந்தை வீட்டில் இருக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தட்டம்மையானால் தடிப்பு தோன்றி நான்கு நாட்கள் வரையிலும், சின்னம்மையானால் எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரையிலும் ஒதுங்கியிருத்தல் வேண்டும். இதை எழுதி ஒட்டுவது எளிது. ஆனால் வீட்டில் இருப்பது யார்? தினக்கூலி பெறும் தாய் ஒரு வாரம் வேலையை விட்டால் ஒரு வாரக் கூலி போய்விடும்; சில இடங்களில் வேலையே போய்விடும். ஆகவே, காலையில் காய்ச்சல் மருந்தைப் புகட்டி, உடல் சூடு தணிந்த வேளையில் குழந்தையை விட்டுச் செல்கிறாள். மதியம் மருந்தின் வேகம் குறையும்போதுதான் ஆசிரியைக்கு உண்மை தெரிகிறது. அவளைக் கடிந்து பேசும் பள்ளியில் அடுத்த முறை அவள் இன்னும் கவனமாக மறைப்பாள். ராண்டின் படையினரிடம் மக்கள் மறைத்ததும் இவ்வாறே.

அங்கன்வாடிக் குழந்தைக்கு மற்றோர் இழப்பும் உண்டு. மூன்று முதல் ஆறு வயதுடைய குழந்தைக்கு அங்கு நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்கு உணவு வழங்கப்பட வேண்டும். நோயின் பொருட்டு வராத நாட்களில் அவ்வுணவு இல்லாமற் போகிறது. நோயுற்ற உடலுக்கு அது மிகவும் தேவைப்படும் நாட்களும் அவையே. தட்டம்மை உடலின் வைட்டமின் 'ஏ' சத்தைக் குறைத்துக் கண்பார்வைக்கே ஊறு செய்யக்கூடியது. ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு நோய் கண்ட அன்றும் மறுநாளும் தலா இரண்டு லட்சம் அலகு வைட்டமின் 'ஏ' கொடுக்க வேண்டும் என்பது விதி. உணவையும் மருந்தையும் வீட்டுக்கே கொண்டு சென்று கொடுத்தால், தாய் நோயைச் சொல்வதில் அவளுக்கு நன்மை இருக்கும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், உணவையும் தடுப்பூசியையும் முன்பருவக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்ததன் நோக்கமும் இத்தகைய இணைப்பேயாகும்.

தமிழக அலுவலர்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். குழந்தைகளைப் பள்ளியில் நாள்தோறும் பார்க்கும் ஆசிரியையின் ஒரு சொல், சுவரொட்டிகளைவிடப் பெற்றோரிடம் எடுபட்டது. மகாராஷ்டிரத்தில் அவ்வியக்கம் 2018 நவம்பரில் தொடங்கியது.

தட்டம்மை பெரும்பாலும் குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை மிகுகிறது. மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைகள் அரைவையைத் தொடங்குவதும், கரும்பு வெட்டும் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்வதும் தீபாவளியை ஒட்டித்தான். ஆகவே, பீட் மாவட்டத்து அங்கன்வாடியில் பதிவேட்டைப் புரட்டி, இரண்டாம் தவணை பெறாதவர்களைப் பெயர் பெயராகக் குறிக்க வேண்டிய காலம் தசராவுக்கு முந்தைய வாரங்களே. மாட்டுவண்டிகள் புறப்பட்ட பின் அந்தப் பதிவேட்டில் பெயர்கள் இருக்கும், குழந்தைகள் இருக்கமாட்டார்கள்.