இல்லாத பக்கத்தின் இன்சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



வாடிக்கையாளர் கேட்ட பொருள் கடையில் இல்லாதபோது வணிகரின் பண்பு வெளிப்படும். "இல்லை" என்று முகம் திருப்புவோரும் உளர். "அது தீர்ந்துவிட்டது, இதைப் பாருங்கள்" என்று இன்முகம் காட்டுவோரும் உளர். முன்னவர் கடைக்கு மீண்டும் செல்ல மனம் வாராது. இணையத்தில் கடை விரித்துள்ள நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அங்கே "இல்லை" என்னும் மறுமொழி தோன்றும் இடமே பிழைப்பக்கம்.

டிம் பெர்னர்சு-லீ 1989ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அவ்வலையின் தொடக்க ஆண்டுகளிலேயே, கணினி அனுப்பும் மறுமொழிகளுக்கு மூவிலக்க எண்கள் வகுக்கப்பெற்றன. 5இல் தொடங்கும் எண்கள் வழங்கும் கணினியின் பிழையைக் குறிப்பன. 4இல் தொடங்குவன கேட்டவர் தரப்புப் பிழையைக் குறிப்பன. கேட்ட பக்கம் கிடைக்கவில்லை என்பதைச் சுட்டும் 404 இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இப்பகுப்பு பொறிக்கு ஏற்றது. மாந்தர்க்கு முற்றும் பொருந்துவதன்று. நிறுவனமே ஒரு பக்கத்தை நீக்கிவிட்டது எனக் கொள்வோம். பழைய இணைப்பின்வழி அங்கு வந்தவர் செய்த பிழை யாது? இந்நிலை அரிதும் அன்று. 2013ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு, பத்தாண்டுகள் கழித்து அணுக இயலாதன ஆயின என்பது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. எனவே பிழைப்பக்கத்தை அழகுபடுத்துமுன், முகவரிகளை மாற்றாது காப்பதும், மாற்றின் புதிய இடத்திற்கு வழிகாட்டுவதும் முதற் கடமைகளாம்.

இனி மொழியை நோக்குவோம். "தவறான முகவரி" என்னும் தொடர் வந்தவரைக் குற்றவாளி ஆக்குகிறது. "பக்கம் காணப்படவில்லை" என்னும் செயப்பாட்டு வினையோ எவரையும் பொறுப்பாக்காது நழுவுகிறது. "நீங்கள் தேடிய பக்கத்தை எங்களால் தர இயலவில்லை; பொறுத்தருள்க" என்னும்போது மட்டுமே கடைக்கு உரியவர் வாயிலுக்கு வந்து நிற்கிறார். மூன்றும் ஒரே செய்தி, உறவோ வேறு.

இவ்வுறவு அமைந்தபின்னரே விளையாட்டு சுவைக்கும். அமேசான் நிறுவனம் தன் பிழைப்பக்கத்தில் ஊழியர் வளர்க்கும் நாய்களின் படங்களைக் காட்டியது. ஆயினும் நாய் மட்டும் அங்கில்லை. வருத்தம் தெரிவிக்கும் சொல்லும், முகப்புக்குச் செல்லும் வழியும் உடன் இருந்தன. கூகுள் குரோம் உலாவியில் இணைப்பு அற்றபோது தோன்றும் தொன்மா 2014இல் விளையாட்டாக உருப்பெற்றது. இணையமின்மை கற்காலத்திற்கும் முந்தைய நிலை என்னும் நகைச்சுவை அதில் அடங்கியுள்ளது. காத்திருப்போர் அதனைக் கொண்டு பொழுது போக்குவர்.

நகைச்சுவைக்கு எல்லையும் உண்டு. அந்நாளில் ட்விட்டர் எனப் பெயர் வழங்கிய நிறுவனம், நெரிசலால் தளம் முடங்கியபோது, சிறு பறவைகள் ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிச் செல்லும் ஓவியத்தைக் காட்டிற்று. யியிங் லூ என்னும் ஓவியர் வேறொரு நோக்கில் வரைந்த அப்படத்தை மக்கள் விரும்பினர். ஆனால் முடக்கம் மீண்டும் மீண்டும் நேர்ந்தமையால், அது அந்நிறுவனத்தின் தோல்விக்கே சின்னமாயிற்று. 2013இல் அது கைவிடப்பட்டது அறியப்பட்டது. ஒருமுறை சொன்னால் நகைச்சுவை. நாள்தோறும் சொன்னால் சாக்குப்போக்கு.

இழப்பின் அளவும் கருதத்தக்கது. துணி விற்கும் தளத்தில் ஒரு படம் கிடைக்காவிடின் சிரிக்கலாம். மருத்துவமனைக்குப் பணம் செலுத்தும் நடுவில் பக்கம் முறிந்தால், நோயாளியின் மகன் கேட்கும் கேள்வி ஒன்றே: "பணம் போய்ச் சேர்ந்ததா?" அவன் முன் ஆடும் பொம்மை அவனை எள்ளுவதாகவே தோன்றும். அவனுக்கு வேண்டுவன நடந்தது என்ன என்னும் தெளிவும், அடுத்துச் செய்ய வேண்டியதும், அழைக்க ஒரு தொலைபேசி எண்ணுமே ஆம்.

கற்பனை நகைப்பில் மட்டும் முடிவதன்று. ஐரோப்பாவில் 2012இல் தோன்றிய ஒரு முயற்சி, காணாமற்போன குழந்தைகளின் படங்களைப் பிழைப்பக்கங்களில் காட்டச் செய்தது. பெல்சியத்தின் 'சைல்டு ஃபோகசு' அமைப்பு அதில் பங்குகொண்டது. பக்கத்தைத் தேடி வந்தவர், அதனினும் பெரிதாகத் தேடப்படும் ஒரு முகத்தைக் காண்கிறார். வெற்றிடம் அறப்பணிக்கு இடமாகிறது.

வடிவமைப்போர் மறத்தலாகாதன சில உள. பக்கம் எத்துணை அழகாயினும் கணினிக்கு 404 என்னும் உண்மை எண்ணையே அனுப்புதல் வேண்டும். இன்றேல் தேடுபொறிகள் இல்லாத பக்கத்தை உள்ளதெனக் கொள்ளும். படம் எடை குறைந்ததாதல் வேண்டும். பார்வையற்றோர்க்குத் திரைபடிப்பான் உரைக்கும்வண்ணம் படத்தின் பொருள் சொல்லாலும் அமைதல் வேண்டும்.

இப்பக்கங்கள் தமிழில் எழுதப்படும்போது, ஆங்கிலத் தொடர்க்குச் சொல்லுக்குச் சொல் ஈடு வைப்பதோடு பணி நிறைவுறாது. வினைமுற்றில் பொறுப்பும், விளியில் மதிப்பும் அமையும் மொழி இது. அவ்விரு வரிகளை எழுதுவதற்கும் தமிழ் கற்றோர் முன்வருதல் வேண்டும். நெடுங்காவியம் கற்ற கைக்கு இரு வரி இழுக்கன்று. வெறுங்கையோடு திரும்புபவர் மனங்கோணாமல் திரும்புவது அவ்விரு வரிகளால்தான்.