தண்ணீர் வரும் வழி



இன்று நாம் நம் மலையைப் படமாக வரையப் போகிறோம். வெள்ளம் வரும் இடங்களை அதில் குறிக்கப் போகிறோம். எதற்கு?

1924ஆம் ஆண்டு ஜூலையில் மூணாறில் பெருமழை பெய்தது. அப்போது இங்கே ரயில் ஓடியது. வெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றது. பிறகு ரயில் ஓடவே இல்லை. 2018 ஆகஸ்டில் மூணாறு டவுனுக்குள் மறுபடியும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. மண்ணும் பாறையும் தண்ணீரும் சேர்ந்து வந்து லயங்களை மூடின. 70 பேரை இழந்தோம். பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.

“மேலே காடு இருக்கிறதே, பயம் என்ன?” என்று சிலர் கேட்கலாம். காடு நல்லதுதான். வேர் மண்ணைப் பிடிக்கும். மண் மழையைக் குடிக்கும். ஆனால் பல நாள் விடாமல் பெய்தால் மண் எவ்வளவு குடிக்கும்? நிரம்பிய மண் சரியும்.

அரசு வரைபடம் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மலைச் சரிவு, மண், பாறை, ஓடை எல்லாம் பார்த்து வரைந்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் இங்கே அரை கிலோமீட்டர். நம் லயம் அதில் கடுகளவுகூட இருக்காது. நம் லயத்தை நாம்தான் வரைய வேண்டும்.

எப்படி? முதலில் ஆறு, ஓடைகளை நீலத்தில் போடுவோம். லயம், பள்ளிக்கூடம், கோயிலைக் குறிப்போம். முன்பு தண்ணீர் ஏறிய இடம், நிலம் வெடித்த இடம், மரம் சாய்ந்த இடம் எல்லாம் சிவப்பு. ஓடையைத் தாண்டாமல் போகக்கூடிய மேட்டு நிலம் பச்சை. பக்கத்தில் ஆண்டையும் எழுதுவோம். ஒரு பிரதியைப் பஞ்சாயத்தில் கொடுப்போம்.

இன்னொன்று. மழை பெய்யும்போது ஓடை திடீரென்று கலங்கினாலோ வற்றினாலோ காத்திருக்காதீர்கள். உடனே பச்சை இடத்துக்குப் போய்விடுங்கள்.

சிவப்பில் யார் வீடு வருகிறதோ, அவர்கள் மழை நாளில் எங்கே தங்குவது? நடக்க முடியாதவர்களை யார் தூக்கி வருவது? இன்றே பேசி முடிவு செய்வோம்.

சாக்பீஸ் இதோ. முதல் கோட்டைப் பாட்டிமார் போடட்டும். தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.