ஆன்டெனா கேபிளுக்கு ஒரு வளையம்

இந்தியாவில் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொண்ட முதல் ஹாம் ரேடியோக்காரர்கள் கொல்கத்தாக்காரர்கள். 1921-இல் அமரேந்திர சந்திர குப்தாவின் அழைப்புக்குறி 2ஜேகே. முகுல் போஸுக்கு 2எச்க்யூ. அன்று எல்இடி விளக்கும் இல்லை, செல்போன் சார்ஜரும் இல்லை.

இன்று அதே நகரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு சார்ஜருக்குள்ளும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுப் பாய்கிறது. அந்த இரைச்சல், ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்சியல் கேபிளின் வெளியுறையில் தொற்றிக்கொள்கிறது. கேபிளே ஆன்டெனாவாகிவிடுகிறது! தூரத்துக் குரல் இரைச்சலில் மூழ்கிப்போகும். நாம் பேசும்போதோ, அதே வெளியுறை வழியாக நம் அலை பக்கத்து வீட்டு டிவிக்குள் புகும்.

இதற்கு மருந்து சோக். ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் அந்தக் கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும், அவ்வளவுதான். கேபிளுக்குள் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், வளையம் சிக்னலைத் தொடுவதில்லை. வெளியுறையில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தை மட்டும் அது மறிக்கிறது. எத்தனை அழகான ஏற்பாடு!

கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்தில் ஒன்று போடுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன், பேட்டரியில் ஓடும் ரேடியோவை வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் அது பிறப்பது உங்கள் வீட்டிலேயேதான். ஒவ்வொரு சார்ஜராகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதன் ஒயரிலும் ஒரு ஃபெர்ரைட்டை மாட்டுங்கள்.