ஊர் சுற்றும் உரிமை

(மேலவளவு ஈகியர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வந்தது பேருந்தில். அந்தப் பேருந்தை மறித்துத்தான் கொன்றார்கள். அந்த ஆறு பேரின் நினைவாகப் பேசும் உரைக்கு ‘பேருந்திலும் சைக்கிளிலும் ஊர் சுற்றுவதன் இன்பம்’ என்று பொருள் குறித்தபோது எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. மூத்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டார்: “பஸ்ஸ மறிச்சு வெட்டுனவங்க நெனவு நாள்ல, ஊர் சுத்துற சந்தோசத்தப் பத்தியா பேசப் போறீங்க?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரையை எழுதினோம்.

நாம் அதிகம் நடந்த மக்கள். களத்துமேட்டுக்கு நடந்திருக்கிறோம். செத்தவர் வீட்டுச் சேதியைச் சுமந்துகொண்டு எட்டு ஊர், பத்து ஊர் நடந்திருக்கிறோம். கண்டிச்சீமைத் தேயிலைக்கு நடந்திருக்கிறோம். இன்று செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் திருப்பூருக்கும் போகிறோம். ஆனால் அந்தப் பயணங்களில் பெரும்பாலானவை இன்னொருவர் ஏவலில் போனவை, அல்லது வயிறு ஏவிப் போனவை. ஒரு வேலையும் இல்லாமல், ஒருவர் சொல்லாமல், அந்த ஊர் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பிப் போனது எத்தனை? “எங்கடா போற?” என்று ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால், “சும்மாதான்” என்று ஒரு சேரிப் பையன் சொல்லிவிட முடியுமா? ‘சும்மா’ என்ற அந்தச் சின்னச் சொல் நமக்கு எளிதில் கிடைத்ததில்லை.

அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ குறிப்புகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவமானங்களின் பட்டியலாகவே படித்திருக்கிறோம்; மேடைகளில் அப்படியே சொல்லியும் இருக்கிறோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதைத் திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் குறிப்புகள் ஒரு குதூகலத்தில்தான் தொடங்குகின்றன. 1901ஆம் ஆண்டு. சதாராவில் இருந்த சிறுவர்களுக்கு, கோரேகாவில் வேலை பார்த்த தந்தையிடமிருந்து கடிதம் வருகிறது: விடுமுறைக்கு வாருங்கள் என்று. அவர்களில் ஒருவர்கூட அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை. புதுச்சட்டை தைக்கிறார்கள், சரிகை மின்னும் தொப்பி வாங்குகிறார்கள், பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு. இந்த ஆடை விவரங்களை அவர் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். மாசூர் நிலையத்தில் இறங்கி, சாதி தெரிந்த பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். இரட்டிப்புக் கூலி கொடுத்தும் மாட்டு வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டியிருந்தது. வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். இரவு முழுதும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கேள்வி இதுதான்: அவர்கள் இழந்தது தண்ணீரையும் மரியாதையையும் மட்டுமா? ஒரு குழந்தையின் முதல் ரயில் பயணத்தின் மகிழ்ச்சியும் பறிபோனது. அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதால்தான் அவர் புதுச்சட்டையிலிருந்து தொடங்கினார் என்று நாங்கள் வாசிக்கிறோம்.

அதே குறிப்புகளில் 1934ஆம் ஆண்டுப் பயணமும் இருக்கிறது. இயக்கத் தோழர்கள் சிலர் அவரிடம் வந்து, நாம் எல்லோரும் சுற்றுலா போகலாம் என்கிறார்கள். அவரும் சரி என்கிறார். மாநாடு இல்லை, வழக்கு இல்லை. ஊர் பார்க்கப் போகிறார்கள். ஏறத்தாழ முப்பது பேர், நாசிக்கிலிருந்து ஔரங்காபாத் பக்கம் பேருந்தில் கிளம்புகிறார்கள். வெருலில் இருக்கும் பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியமான ஆசை; வெருல் என்பது நாம் எல்லோரா என்று சொல்கிற இடம். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தைக் கோட்டை வாசல் குளத்தில் சிலர் கழுவிவிடுகிறார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், கூட்டம் கூடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் விடுகிறார்கள். எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரையும் கூடவே அனுப்புகிறார்கள். அத்தனைக்கும் பிறகு அவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். நாங்கள் அடிக்கோடு இடுவது அந்த இடத்தில்.

ஏறி உட்காரும் உரிமையும் ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டியது, வண்டியில் அமர்ந்து போவதே கலகம் என்று இருந்த காலத்தில். பொதுச்சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் நமக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சாலை வந்தது, ஆனால் அதில் ஓடிய தனியார் பேருந்துகள் நம்மை ஏற்றிக்கொள்ளவில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்றாத பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். பேருந்து முதலாளிக்கு அறிவுரையைவிட உரிமம்தான் புரியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உள்ளே ஏறிய பிறகும் கேள்வி விடவில்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992) படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எந்த ஊர் என்று கேட்பார், அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார், சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இருக்கைக்குப் போவார். அல்லது பாமாவை எழுந்து போகச் சொல்வார். பாமா எழமாட்டார். இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வார். தமிழ் தலித் எழுத்து பேருந்து இருக்கையிலும் எழுதப்பட்டது.

சைக்கிளின் கதை வேறு. பேருந்துக்கு நேரமும் வழியும் உண்டு. இரண்டையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ஊருக்குள் நிற்கும், காலனி விலக்கில் நிற்காது. சைக்கிளை மறித்து நிறுத்தலாமே தவிர, அது போகும் வழியை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்வார். அதனால்தான் அதன்மேல் அவ்வளவு கோபம். ஊர்த்தெருவுக்குள் இறங்கி உருட்டிக்கொண்டு போ என்ற கட்டளையைக் கேட்காத முந்தைய தலைமுறை நம் வீடுகளில் அரிது. எங்களில் பலர் வாடகை சைக்கிளில் பழகியவர்கள். மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். நோட்டில் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் எழுதிக்கொண்டுதான் கடைக்காரர் வண்டியைத் தருவார். கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகி, தெரு வந்ததும் இறங்கி, தெரு முடிந்ததும் ஏறி. சில பையன்கள் தெருவையே விட்டுவிட்டுக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனார்கள். தூரம் இரண்டு மடங்கு. ஆனால் கரை நெடுக ஏறி மிதிக்கலாம். இந்தச் சுற்று வழியில்தான் பல பேர் சைக்கிள் ஓட்டுவதன் ருசியையே கண்டார்கள் என்பது விசித்திரமான உண்மை.

பெண்களிடம் சைக்கிள் என்ன செய்தது என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல்குவாரியில் உடைத்தவர்கள், வயலில் நட்டவர்கள், ஆயாக்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அந்த மாவட்டத்துக்குப் போய் எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் ஒரு விவரம் சொல்கிறார்: பெண்கள் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. தண்ணீர்க் குடம், காய்கறி, பிள்ளை எல்லாம் ஏறின. இதைப் பொருளாதார லாபமாக மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. சந்தைக்குப் பேருந்து பார்த்து நிற்க வேண்டாம் என்பது பெரிய லாபம்தான். ஆனால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறக்கத்தில் கால் எடுத்துவிட்டுப் போகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அது லாபக் கணக்கு மட்டும் இல்லை என்று தெரியும். பின்னால் 2001-02இல் அரசு விலையில்லா சைக்கிளை முதலில் கொடுத்தது ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத்தான். பிறகே மற்றவர்களுக்கு விரிந்தது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவிகள் பலர் அந்த சைக்கிளில் வளர்ந்தவர்கள்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஓசி’ என்று ஏளனம் பேசுகிறவர்களுக்கு எங்கள் காலனி மூதாட்டி ஒருவரைத்தான் காட்ட வேண்டும். ஒரு நாள் மத்தியானம் பேருந்தில் ஏறியவர் பொழுது சாயத்தான் திரும்பினார். வீட்டில் பதறிவிட்டார்கள். “எங்கம்மா போன?” “கடைசி ஸ்டாப்பு எப்பிடி இருக்கும்னு பாக்கப் போனேன்.” அறுபது வருடமாக அந்தப் பேருந்து முன்பலகையில் எழுதியிருந்த ஊர் அவருக்கு வெறும் எழுத்து. ‘சும்மா’ என்ற சொல்லை அன்றைக்கு அவர் வாங்கிக்கொண்டார்.

1997க்கு வருவோம். அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மன் பெயரில் பேருந்து ஓடியது, ராணி மங்கம்மாள் பெயரில் ஓடியது, சேரன், பாண்டியன் பெயரில் ஓடியது, ஒருவருக்கும் உறுத்தவில்லை. கட்டபொம்மன் படையில் நின்ற தளபதியின் பெயர் பக்கவாட்டில் ஏறியதும் அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம், கல்வீச்சு. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அதே கோடையில்தான் மேலவளவு. நம் பெயர் தாங்கிய பேருந்து ஓடக்கூடாது. நம் தலைவர் அமர்ந்த பேருந்து ஊர் போய்ச் சேரக்கூடாது. இரண்டும் ஒரே கட்டளைதான். அது முடிந்துபோன கதையும் இல்லை. 2025இல், சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. திருவைகுண்டம் பக்கத்தில் தேர்வு எழுதப் போன பதினோராம் வகுப்பு மாணவர் பேருந்திலிருந்து இழுத்து இறக்கி வெட்டப்பட்டார்.

ஆகவே, மூத்த தோழருக்கு நாங்கள் சொல்வது: அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். நாம் நகர்வதைக் கண்டு. நகர்கிறவர் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார். அடுத்த ஊரில் டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் என்று கண்டு வந்தவருக்கு, சொந்த ஊரின் இரட்டை டம்ளர் இயற்கையாகத் தெரியாது. பிழைப்புக்காக மட்டும் நகர்ந்தால் நம்மை வேலையாளாகவே பார்த்துப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மகிழ்ச்சிக்காக நகர்வதுதான் கண்ணை உறுத்துகிறது.

எங்கள் வாசிப்பு வட்டம் சில ஆண்டுகளாக மாதம் ஒருமுறை கிளம்புகிறது. பேருந்துதான் பெரும்பாலும்; மேலூர்ப் பக்கம் என்றால் இரவலுக்கும் வாடகைக்கும் எடுத்த சைக்கிள்கள். மற்ற சுற்றுலாக்காரர்களுக்கு இல்லாத வேலை ஒன்று எங்களுக்கு உண்டு: எந்தக் கடையில் டீ குடிப்பது என்பதை முன்கூட்டியே போன் போட்டு விசாரித்துவிடுவோம். பேருந்து ஜன்னலில் நாங்கள் பார்ப்பதும் கொஞ்சம் வேறு. இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளை எண்ணிக்கொண்டு போவோம். மின்கம்பத்தில் பூசிய சாதி வண்ணம் எந்த ஊரில் மாறுகிறது என்று குறிப்போம். ஒரு மாணவர் இதற்காகவே நோட்டுப் போட்டிருக்கிறார். பாடநூல் வரைபடத்தைவிட அது துல்லியம்.

ஆனால் அதற்காக மட்டும் போவதில்லை. அரிட்டாபட்டிக்குப் போனோம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று போராடி நிறுத்திய ஊர். குடைவரையும் தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் ஒரே மலையில். பாறைக்கு மேலே வல்லூறு வட்டமிடுவதைப் பார்த்து ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. இயக்கக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பது எளிய காரியமல்ல.

கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகைக்கு சைக்கிளில் போனது இன்னும் நினைவில் இனிக்கிறது. கடைசிக் காதத்தில் இரண்டு பஞ்சர். மேலே ஏறினால் கல் படுக்கைகள், இரண்டாயிரம் ஆண்டு எழுத்துகள். அவற்றைத் துறவிகளுக்குக் கொடை தந்தவர்கள் யார் யார்? உப்பு வணிகர், வெல்ல வணிகர், கலப்பைக் கொழு விற்றவர், மதுரைப் பொற்கொல்லர். வழி நடந்து பொருள் விற்ற மனிதர்கள். தொல்லியல் படித்த தோழர் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, முதலாமாண்டு மாணவி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “எல்லாம் எழுதியிருக்காங்க. எந்தத் தெருன்னு எழுதலையே அண்ணா?” குகையே அதிரச் சிரித்தோம். பிறகு அங்கிருந்த சுனையில் முகம் கழுவினோம். தௌலதாபாத் குளத்தைப் பற்றி அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. இறங்கி வரும்போதுதான் ஒருவர் சொன்னார்.

அடுத்த பயணம் மேலவளவுக்கு. ஜூன் 30 அன்று நினைவிடத்தில் கூடுவது வழக்கம். இந்த முறை நினைவிடத்தோடு திரும்பப் போவதில்லை; ஊரையும் மலையையும் சமணச் சிற்பங்களையும் பார்க்க அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். காலை ஆறு மணிக்கு மேலூர் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். சைக்கிள் வைத்திருப்பவர்கள் சைக்கிளோடு வாருங்கள், பம்ப் எங்களிடம் இருக்கிறது. மூத்த தோழரும் வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு ஜன்னலோர இருக்கை பிடித்து வைக்கும் பொறுப்பு மாணவர்களுடையது.